மரவாழ முதல் ஸ்மித்சோனியா வரை: ஆர்க்கிடுகளை இனங்கண்ட சொற்களின் வரலாறு

1974ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஆர்க்கிடுக் குடும்பத்தைச் சேர்ந்த புதிய பேரினம் ஒன்று வெளியிடப்பெற்றது. அதனை வரையறுத்தவர் பெங்களூரு தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த தாவரவியலாளரும் இயேசு சபைத் துறவியுமான செசில் சல்தானா. ஹாசன் மாவட்டத் தாவரங்களை அவர் விரிவாக ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வாய்வில் ஒத்துழைத்த அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெயரால் அப்பேரினம் ஸ்மித்சோனியா எனப்பட்டது. அதன்கீழ் வைக்கப்பட்ட சிற்றினங்கள் மூன்று. அவற்றுள் ஒன்று, வைக்கோல் நிறத்தது என்று பொருள்படும் ஸ்ட்ராமினியா, அறிவியலுக்குப் புதியது. ஏனைய இரண்டும் புதியவை அல்ல. அவற்றை 1851ஆம் ஆண்டிலேயே டால்செல் என்பார் மைக்ரோபெரா என்னும் பேரினத்தில் வைத்து விவரித்திருந்தார்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருந்த செடிகள் வேறொரு பேரினம் ஆயின. காட்டில் செடி மாறவில்லை. அதன் எந்த உறுப்பைப் பொருட்படுத்த வேண்டும் என்ற கருத்தும் அவ்வுறுப்பைச் சுட்டும் சொல்லின் நுட்பமுமே மாறியிருந்தன. ஆர்க்கிடுகளை உருவமைப்பால் இனங்காண்பது தாவரவியலாரின் தொழில் எனினும், அத்தொழிலின் கருவி மொழியே ஆதலால் அதன் வரலாறு மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியதாகிறது. இனங்காணல் வேறு, சரிபார்த்தல் வேறு என்பதையும் இங்கே கருதவேண்டும். கையிலுள்ள செடி இன்னது என்று சொல்வது இனங்காணல். அப்பெயர் முதன்முதலில் எச்செடிக்கு இடப்பட்டதோ அச்செடியுடன், அல்லது அதன் ஓவியத்துடன், அல்லது அதனை விவரித்த சொற்களுடன் ஒப்பிட்டு உறுதிசெய்வது சரிபார்த்தல். பின்னது எப்போதும் பழைய பனுவலைப் படிக்கும் பணியாகவே அமைகிறது.

தாங்கும் மரத்தின் பெயரால்

தென்னிந்திய ஆர்க்கிடுகள் விரிவாக ஏட்டில் ஏறியது கொச்சியில் எனலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் செடிகளைப் பற்றிக் கூறியவை போர்த்துக்கீசியம் வழியாக இலத்தீனை அடைந்தன. பன்னிரண்டாம் தொகுதியில் மரவாழ என்னும் பொதுப்பெயரின்கீழ் ஆர்க்கிடுகள் இடம்பெற்றுள்ளன. மரத்தின்மேல் வளரும் வாழை என்பது அதன் பொருள். இச்சொல்லின் ழகரத்தை அந்நூல் ரகரமாக்கி 'மரவர' என்றே எழுதுகிறது. அதே நூலின் முதல் தொகுதியில் வாழை 'பால' என லகரம் பெற்றுள்ளது. ஒரே ஒலி ஒரே நூலில் இரு வேறு எழுத்துகளால் குறிக்கப்பட்டமையால், இரு பெயர்களுக்கும் இடையிலுள்ள உறவு இலத்தீன் படிப்பவர்க்கு முற்றிலும் மறைந்துபோயிற்று.

பொதுப்பெயருக்கு முன்னே வரும் அடைகள் இன்னும் சுவையானவை. ஆஞ்ஞிலி மரவாழ, காஞ்ஞிர மரவாழ, வீட்டிமர மரவாழ என்னும் பெயர்களில் செடியைத் தாங்கிநிற்கும் மரமே அடையாளமாகிறது. தமிழில் இம்மரங்கள் அயினி, எட்டி அல்லது காஞ்சிரம், ஈட்டி என வழங்குவன. மருந்துக்குச் செடி பறிப்பவர் எந்த மரத்தின்கீழ் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பதை இப்பெயர் சொல்லிவிடுகிறது. காஞ்சிரத்தின்மேல் வளர்ந்ததற்குத் தனிக் குணம் உண்டு என்ற நம்பிக்கை உள்ள இடத்தில் இந்த அடையாளம் பொருளற்றதன்று. ஆயினும் ஆர்க்கிடு ஒரே மரத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. அயினிமேல் உள்ளதும் ஈட்டிமேல் உள்ளதும் ஒரே சிற்றினமே எனப் பின்வந்தோர் கொண்டனர். நரிவால் போலத் தொங்கும் பூங்கொத்தினை உடைய ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா என்பதே அது. பொன்னம்பூ மரவாழ என்ற பெயர் மட்டும் மரத்தை விட்டுப் பூவின் நிறத்தைப் பற்றிக்கொண்டது. அந்தத் தொகுதியில் உருவத்தை நோக்கிய பெயர்களுள் இது குறிப்பிடத்தக்கது.

1753இல் லின்னேயஸ் இச்செடிகளுக்கு இருசொற் பெயரிட்டபோது அவற்றுட் பலவற்றை அவர் கண்ணால் கண்டதில்லை. ரீடின் ஓவியங்களையே கண்டார். காஞ்ஞிர மரவாழ அவரிடம் எபிடென்ட்ரம் அலோயிபோலியம் ஆயிற்று. இன்று சிம்பிடியம் என்னும் பேரினத்தில் உள்ள அச்செடியின் பெயரைச் சரிபார்க்க விரும்புவோர்க்கு ரீடின் ஓவியமே மூலச்சான்று. கொச்சியில் ஓவியர் வரையாது விட்ட உறுப்பு எதுவோ அது அப்பெயரின் சான்றிலும் இல்லை.

எபிடென்ட்ரம் என்பது மரத்தின்மேல் உள்ளது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லாக்கம். மரவாழ என்ற மலையாளப் பெயரும் அதே கருத்தையே கூறுகிறது. பேரினப் பெயரளவில் லின்னேயஸ் இட்டி அச்சுதனைத் தாண்டிச் செல்லவில்லை என்று சொல்வது மிகையாகாது. வேறுபாடு இரண்டாம் சொல்லில் உள்ளது. கற்றாழை போன்ற இலையுடையது, மழுங்கிய நுனியுடையது, மெல்லிய இலையுடையது, முட்டைவடிவினது என அவர் இட்ட அடைகள் செடியின் உடலுக்குள் வந்துவிட்டன. அயினியும் காஞ்சிரமும் பெயரிலிருந்து உதிர்ந்தன. இன்று எபிடென்ட்ரம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகளுக்கு மட்டுமே உரிய பெயராகச் சுருங்கிவிட்டது. மலபாரின் ஓவியங்களைக் கொண்டு நிறைக்கப்பட்ட பேரினத்தில் இன்று மலபாரின் செடி ஒன்றுகூட இல்லை.

ஓவியமில்லாச் சொற்கள்

தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த யோகான் கெர்காடு கோனிக் லின்னேயசின் மாணவர். அவர் 1778, 1779ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட கிழக்குக் கடற்பயணத்தில், இன்று புக்கெட் எனப்படும் தீவில், பல ஆர்க்கிடுகளைக் கண்டு இலத்தீனில் விவரித்தார். 1785இல் அவர் இறந்தார். அவருடைய விவரிப்புகளை ரெட்சியஸ் 1791இல் வெளியிட்டார். அவற்றுடன் ஓவியம் இல்லை. செடிகளின் பெயர்கள் வழக்கம்போல் எல்லாம் எபிடென்ட்ரம். பாங்காக்கில் டென்மார்க்கின் தூதராக இருந்தவரும் ஆர்க்கிடு அறிஞருமான குன்னர் சைடன்பாடன் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவ்விவரிப்புகளை மீளப் படித்து, இன்ன சொற்கள் இன்ன செடியைக் குறிப்பன என ஆராய்ந்து 1995இல் நூலாக்கினார்.

ரீடிடம் ஓவியம் இருந்தது, உறுப்புகளைப் பகுத்துரைக்கும் சொல் குறைவு. கோனிக்கிடம் சொல் மட்டுமே இருந்தது. ஆனால் அவர் பூவைப் பிரித்துப் பார்த்து, பகுதி பகுதியாக எழுதியவர். ஒரு பெயரால் அறிய இயலாத செடியைப் பல உறுப்புச்சொற்களின் சேர்க்கையால் பிற்காலத்தவர் அணுக முடிந்தது. உரையாசிரியர் ஒருவர் பாடவேறுபாடுகளைக் கொண்டு மூலத்தை மீட்பதற்கும் இதற்கும் முறையளவில் பெரிய வேறுபாடு இல்லை.

வந்தாவும் புல்லுருவியும்

வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1786இல் எடுத்துரைத்த வில்லியம் ஜோன்சைத் தாவரப் பெயர்களின் வரலாற்றிலும் சந்திக்க நேர்கிறது. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1795இல் ஆசிய ஆராய்ச்சிகள் நான்காம் தொகுதியில் வந்த கட்டுரையில், மரத்தில் வளரும் ஆர்க்கிடு ஒன்றுக்கு 'வந்தா' என்ற வடமொழிப் பெயரையே பேரினப் பெயராகக் கொண்டார். 1820இல் ராபர்ட் பிரவுன் அதனை உறுதிப்படுத்த, வாண்டா உலகெங்கும் வழங்கும் பெயராயிற்று.

ஆயின் வந்தா என்பது ஓர் ஆர்க்கிடின் பெயர்தானா? அமரகோசம் அச்சொல்லுடன் தரும் ஒருபொருட்பன்மொழிகளுள் மரத்தை உண்பது என்று பொருள்படும் விருட்சாதனி உண்டு, மரத்தில் வளர்வது என்று பொருள்படும் விருட்சருகா என்பதும் உண்டு. முன்னது புல்லுருவிக்குப் பொருந்தும். பின்னது ஆர்க்கிடுக்கும் பொருந்தும். புல்லுருவி தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிடோ மரத்தை இருக்கையாகக் கொள்வதன்றி உணவாகக் கொள்வதில்லை. அதன் காற்றுவேர்களைப் போர்த்தியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் ஈர்த்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிய மரபு நூல்களைக் குறைகூறுதல் தகாது. அவை உணவூட்ட முறையை வகுக்க எழுந்தவை அல்ல. ஆனால் இன்றும் தமிழில் ஆர்க்கிடுகளை ஒட்டுண்ணி என்று எழுதுவோர் உளர். தொற்றுத் தாவரம் என்ற நல்ல சொல் பாடநூல்களில் வழங்கிவரும்போது அதனைக் கைவிடுவதற்குக் காரணம் இல்லை.

இக்குழப்பம் மருந்துக் கடைவரை நீள்கிறது. வடமொழி மருத்துவ நூல்களில் வரும் ராஸ்னா என்பது வங்கத்தில் வாண்டா டெசெல்லேட்டாவின் வேர். தென்னாட்டில் அது பேரரத்தையின் கிழங்கு. இந்திய ஆயுர்வேத மருந்துநூல் ஏற்பதோ புளூக்கியா லான்சியோலேட்டா என்னும் வேறொரு செடி. ஓர் ஆர்க்கிடு, ஓர் இஞ்சிக் குடும்பச் செடி, ஒரு சூரியகாந்திக் குடும்பச் செடி ஆகிய மூன்றும் ஒரே பெயரில் நிற்கின்றன. பேரரத்தை என்று மொழிபெயர்ப்பவர் சொல்லை மட்டும் பெயர்க்கவில்லை, நோயாளி உண்ணும் பொருளையும் தேர்ந்துவிடுகிறார்.

ஓவியரின் பெயர் பெற்ற பேரினம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பணியில் இருந்த ராபர்ட் வைட் தம் 'ஐகோனெஸ்' தொகுதிகளை 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். அவற்றின் ஓவியங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். ரீடின் ஓவியங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள இடைவெளி பெரிது. முழுச்செடியின் அருகிலேயே உதடு தனியாக, தூண் தனியாக, மகரந்தத் திரள் தனியாகப் பெருக்கி வரையப்பட்டிருக்கும். இனங்காண்பதற்குரிய உறுப்பு எது என்பதை ஓவியமே சுட்டிவிடுகிறது. 1853இல் வைட் ஓர் ஆர்க்கிடுப் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று பெயரிட்டுத் தம் ஓவியரைச் சிறப்பித்தார். அச்செடி லின்ட்லி 1833இல் பெயரிட்ட டிரோபிடியாவைச் சேர்ந்ததே எனப் பின்னர்ச் சரிபார்க்கப்பட்டதால், முன்பெயரே வெல்லும் என்ற விதிப்படி கோவிந்தூயா வழக்கொழிந்தது. சரிபார்த்தலுக்குக் கருவி செய்து கொடுத்தவரின் பெயர் அச்சரிபார்த்தலாலேயே நீங்கியது.

எண்ணிக்கையும் பிளவும்

ஆர்க்கிடுப் பூவில் புறத்தே மூன்று புல்லி இதழ்களும் அகத்தே மூன்று அல்லி இதழ்களும் உள்ளன. அகத்து மூன்றனுள் ஒன்று உருவத்தாலும் நிறத்தாலும் வேறுபட்டுப் பூச்சிக்கு இறங்குதுறையாகிறது. அதுவே உதடு. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றிணைந்து தூணாகின்றன. மகரந்தம் தூளாக உதிராமல் மெழுகு போன்ற திரள்களாக இறுகியிருக்கும். கடுகினும் சிறிய இத்திரள்களை ஊசியால் எடுத்து எண்ணவேண்டும். டென்ட்ரோபியத்தில் நான்கு, எரியாவில் எட்டு, வாண்டாவில் இரண்டு. பூவின் அழகும் மணமும் ஒருபுறம் இருக்க, பேரினத்தை முடிவு செய்வதில் இந்த எண்ணுக்கே பெரும் பங்கு உண்டு.

1778இல் லாமார்க் தம் பிரெஞ்சுத் தாவர நூலில் பயன்படுத்திய இருகிளைத் திறவுகோல் இவ்வகைக் கூறுகளை எதிர்நிலைகளாக அடுக்குகிறது. உண்டு அல்லது இல்லை, நான்கு அல்லது எட்டு. ஒலியன்களை எதிர்நிலைக் கூறுகளாகப் பகுக்கும் முறையில் பயின்றவர்க்கு இது பழகிய அமைப்பே. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வாண்டாவின் உறவுப் பேரினங்களில், திரள்கள் இரண்டு, ஒவ்வொன்றும் பிளவுடையது என்பதும், திரள்கள் நான்கு, இரண்டிரண்டாக இணைந்தவை என்பதும் வேறுவேறு. 'இரண்டாகப் பிளந்த திரள்கள்' என்று ஒருவர் தமிழில் எழுதினால் அது எதற்கும் பொருந்தும். ஒரு பெயரெச்சத்தின் தளர்ச்சியால் செடி வேறு பேரினத்துக்குப் போய்விடும்.

சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய கேம்பிள் நூலில் ஆர்க்கிடுகளைப் பிஷர் எழுதினார். 1928இல் வந்த அப்பகுதியின் ஆங்கிலம் வினைச்சொல்லே இல்லாத நறுக்கு நடை. அந்நடையைத் தமிழாக்குவோர் பலர் 'காணப்படுகிறது', 'கொண்டுள்ளது' என்ற வினைகளை ஒவ்வொரு தொடரிலும் சேர்க்கின்றனர். அது தேவையற்றது. 'உதடு மும்மடல். நடுமடல் சிறிது. விளிம்பு அலையுடையது' எனப் பெயர்ப் பயனிலையால் முடிக்கத் தமிழ் இடந்தருகிறது. ஆங்கிலத்தில் இலக்கணத்தைக் குறைத்துப் பெற்ற சுருக்கம் தமிழில் இலக்கணத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

தமிழ்ச் சொற்களின் நிலை

உறுப்புகளுக்குத் தனிப்பெயர் வகுக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்து, இரண்டன் உறுப்புகளுக்கும் உரிய பெயர்களைத் தனித்தனியே தொகுக்கிறது. தோடு, மடல், ஓலை முதலியன புல்லுக்கு. இலை, தளிர், முறி முதலியன மரத்துக்கு. ஒருவித்திலையான ஆர்க்கிடு இப்பகுப்பில் எங்கே அடங்கும் என்பது தனியே ஆராய்தற்குரியது. உறுப்பின் பெயரே வகையைக் காட்டவேண்டும் என்ற கொள்கை மட்டும் இங்கு நினைக்கத்தக்கது.

அக்கொள்கையை வைத்து நோக்கினால் இக்காலக் கலைச்சொற்கள் சில இடங்களில் தடுமாறுகின்றன. இதழ் என்ற சொல் தமிழில் பூவின் இதழையும் வாயின் உதட்டையும் ஒருங்கே குறிக்கும். கவிதைக்கு அது செல்வம். ஆர்க்கிடை விவரிப்பவர்க்கு அது இடர். மூன்று அல்லி இதழ்களுள் வேறுபட்ட ஒன்றை 'இதழ்' என்றே எழுதினால் வேறுபாடு அழிந்துவிடும். உதடு என்பதே தகும். அதனைக் 'கீழுதடு' என்று எழுதுதலும் பிழைக்கு இடமாகும். மொட்டில் மேற்புறம் இருக்கும் உதடு, பூக்காம்போ சூலகமோ அரைவட்டம் முறுக்கிக்கொள்வதால்தான் மலர்ந்தபின் கீழே வருகிறது. போலிஸ்டாக்கியா போன்றவற்றில் உதடு மேலேயே நிற்கும். 'கீழுதடு' எனக் கற்றவர் அங்கே உதட்டைத் தேடித் தவறான இதழைப் பிடிப்பார்.

உதட்டின் அடியில் பின்னோக்கி நீளும் குழலுக்குச் சேவலின் குதிமுள்ளை உவமித்தது ஆங்கிலம். தமிழில் முள் என்றதும் திண்மையும் கூர்மையும் தோன்றும். இவ்வுறுப்போ உள்ளீடற்றது, பலவற்றில் தேன் நிறைந்தது. தேன்குழல் என்றாலோ சில செடிகளில் தேனே இல்லை. 'பின்குழல்' என்று வடிவத்தை மட்டும் கூறுவது நலம். டென்ட்ரோபியத்தில் தூணின் அடி நீண்டு பக்கப் புல்லி இதழ்களுடன் கூடி உண்டாக்கும் புடைப்பை இலத்தீன் மோவாய் என்கிறது. உதடு, மோவாய், பாதம், சிற்றலகு என ஒரே பூவில் மனித உறுப்பும் பறவையுறுப்பும் கலந்துவிட்டன. இவ்வுருவகங்களை அப்படியே பெயர்ப்பதா, வடிவத்தைச் சொல்லும் புதுச்சொல் ஆக்குவதா என்பதில் உறுப்புக்கேற்ற முடிவுதான் எடுக்க இயலும். மோவாய் படிப்பவர் கண்ணுக்கு வடிவத்தைக் கொண்டுவருகிறது. குதிமுள் மறைக்கிறது.

உலர்ந்த தாளும் சட்டத்தின் அட்டவணையும்

சல்தானாவும் நிக்கல்சனும் எழுதிய ஹாசன் மாவட்டத் தாவர நூல் 1976இல் வெளிவந்தது. தூய வளனார் கல்லூரியில் உருவான உலர்தாவரத் தொகுப்பு பின்னர்ப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் அறிவியல் மையத்துக்குச் சென்றது. அங்கு அது ஜே.சி.பி. என்ற பன்னாட்டுக் குறியீட்டால் அறியப்படுகிறது. உலர்தாளில் ஒட்டப்பட்ட ஆர்க்கிடு தன் அடையாளங்களுள் பெரும்பாலானவற்றை இழந்துவிடும். உதடு நசுங்கும், பின்குழல் மடங்கும், நிறம் பழுப்பாகும். ஸ்ட்ராமினியாவின் வைக்கோல் நிறம் உலர்ந்தபின் எல்லாச் செடிக்கும் உரிய நிறமே. ஆதலின் சேகரித்தவர் பச்சையாக இருந்தபோது சீட்டில் எழுதிய நிறச்சொல்லும் உதட்டைப் பற்றிய குறிப்பும் இல்லாவிடில், பின்னால் சரிபார்ப்பவர்க்குச் செடி இருந்தும் சான்று குறையும்.

பொதிகை மலைப்பகுதியில் வளரும் பாபியோபெடிலம் துரூரியின் நிலை இதனை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. தென்னிந்தியாவுக்குரிய ஒரே பாபியோபெடிலமான அது, அழகுச்செடி வணிகத்துக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காட்டில் அருகியது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை ஆர்க்கிடுக் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்துகிறது. பாபியோபெடிலம் அதன் முதல் இணைப்பில் உள்ளது. பறிமுதல் செய்யப்படும் செடியில் பெரும்பாலும் பூ இருக்காது. வேரும் இலையும் பொய்க்குமிழும் கொண்டு பேரினத்தை ஊகிக்கலாம். சிற்றினத்தைத் துணிதல் பலவேளைகளில் இயலாது. அந்நிலையில் அலுவலர் கையில் இருப்பது சட்டத்தின் பெயர்ப்பட்டியலே.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்ட ஆறாம் அட்டவணை ஆறு பதிவுகளைக் கொண்டிருந்தது. அவற்றுள் மூன்று ஆர்க்கிடுகள். ஆங்கிலப் பொதுப்பெயரும் இலத்தீன் பெயரும் அருகருகே தரப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்துத் தாவரங்களை மூன்றாம் அட்டவணையில் வைத்தது. நீல வாண்டா எனப்படுவது வாண்டா பேரினத்தைச் சேர்ந்த செருலியா. 'சிவப்பு வாண்டா' எனப்படுவதோ ரெனந்தெரா இம்ஸ்கூட்டியானா. அது வாண்டாவே அன்று. பொதுப்பெயரை மட்டும் தமிழாக்கி இலத்தீனை விட்டுவிடும் கையேட்டை நம்பி, சிவந்த பூவுடைய வாண்டாவைத் தேடும் சோதனைச்சாவடி அலுவலரின் முன்னால், ரெனந்தெரா தடையின்றிக் கடந்து செல்லும்.